முகம் என்று எழுதியிருந்தது

படிக்கவில்லை அக்கா. பிளஸ் ஒன் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்காதீங்க, எல்லாரும் கேட்டாயிற்று. ஹெட்மாஸ்டர் கேட்டார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கேட்டார், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். போகப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான்.

இது பென்டிரைவ் இல்லை. பார்க்க அப்படித்தான் இருக்கும். இதற்குப் பெயர் கேப்சர் கார்டு. கேமராவிலிருந்து வரும் வயரை இந்தப் பக்கம் சொருகணும், இந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் சொருகணும். கேமராவில் தெரிவது கம்ப்யூட்டரில் தெரியும். அங்கிருந்து யூடியூபில் லைவ் போகும். அறந்தாங்கியில் வீரமணி அண்ணன் ஸ்டூடியோ இருக்கிறது இல்லையா, அங்கேதான் வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, துக்கம், எல்லாவற்றுக்கும் லைவ் போடுகிறோம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில். வர முடியாதவர்கள் போனில் பார்ப்பார்கள்.

நான் ஏர்போர்ட் ஸ்டாப்பில் இறங்கணும். அப்பா வருகிறார், கத்தாரிலிருந்து. திரும்பிப் போக மாட்டாராம், முடித்துக்கொண்டு வருகிறார். ஆமாம், சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. போன வருஷம் அம்மா செத்ததிலிருந்தே அப்படித்தான். ஐயோ பாவம் எல்லாம் வேண்டாம். நீங்கள் கேட்டீங்க, சொன்னேன்.

இந்தக் கார்டை அப்பாவிடம் காட்டத்தான் எடுத்துப் போகிறேன். அவர் கையில் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கணும். அன்றைக்கு என்னத்தைப் பார்த்தீர்கள் என்று. ஏனென்றால் அவர் பொய் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது, யார் சொன்னாலும் சரி. இன்றைக்குக் கேட்காவிட்டால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார், ஒரே வீட்டில் அந்தப் பொய்யோடு உட்கார்ந்து சோறு தின்னணும். என்னால் முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் புரியும்.

அம்மா காய்ச்சல் என்று படுத்தது. எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வீட்டு முன்னால் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். அப்பாவுக்கு அங்கே பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வைத்திருந்தான், உடனே தரவில்லை. அத்தைதான், அப்பாவுடைய அக்கா, வீரமணி அண்ணனைக் கூப்பிட்டு லைவ் போடச் சொன்னது. "அடைக்கலம் கடைசியா ஒரு தடவ அவ முகத்தப் பாத்துக்கட்டும்டா" என்றது. அடைக்கலம் அப்பா பெயர். அதற்காகத்தான் லைவ். வேறு எதற்காகவும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

நான் எங்கே இருந்தேனா? உள்ளே போகவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம் வைத்திருந்தார்கள், வந்தவர்கள் கால் கழுவ. அந்த டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தேன். "போயி அம்மாகிட்ட உக்காருடி" என்று ஒவ்வொருத்தியாக வந்து சொன்னார்கள். போகவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கு பாரு, ஒத்தப் பொட்டப் புள்ள" என்று என் காது படவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அழுகை வந்தால் அழமாட்டேனா? வரவில்லை.

தூக்குவதற்கு முன்னால் ஒருத்தர் குரல் கொடுப்பார் இல்லையா, "முகம் பாக்குறவங்க பாத்துக்கங்க" என்று. அதற்கும் நான் போகவில்லை. அதைப் பற்றி அத்தை இன்றைக்கும் திட்டும்.

சாயங்காலம் அப்பா போன் பண்ணினார். "பாத்தேம்மா. எல்லாம் பாத்தேன்" என்றார். அம்மா முகம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். நான் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார் இல்லையா? ஆனால் கேட்கவில்லை. "சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "பிஸ்கட்டுத்தான?" என்றார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போனேன், கொஞ்ச நாள். வாத்தியார் பேசுவது கேட்கும், ஆனால் உள்ளே இறங்காது. நிறுத்திவிட்டு வீரமணி அண்ணன் கடையில் சேர்ந்தேன். வயர் சுருட்டுவது, பேட்டரி சார்ஜ் போடுவது, லைவ் கனெக்‌ஷன் கொடுப்பது. நன்றாகத்தான் செய்தேன். இதில் அழுவதற்கோ சிரிப்பதற்கோ ஒன்றும் இல்லை, சொருகினால் வரும், சொருகாவிட்டால் வராது.

எங்களிடம் இரண்டு கேமரா, இரண்டு கார்டு. கார்டு இரண்டும் இதே மாதிரி, ஒரே அச்சு. கம்ப்யூட்டரில் அண்ணன் ஒன்றுக்கு "முகம்" என்று பெயர் வைத்திருக்கிறார், இன்னொன்றுக்கு "வாசல்". முகம் என்றால் மணமேடையைப் பார்க்கிற கேமரா, துக்க வீடு என்றால் பெட்டியைப் பார்க்கிற கேமரா. வாசல் என்றால் வருகிறவர்களைக் காட்டுவதற்கு.

ஒரு சடங்கு வீட்டுக்குப் போனோம், நாகுடி பக்கம் ஒரு மண்டபம். அண்ணன் என்னையே கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் சொருகினேன். "முகம்" என்பதை அழுத்தினேன். பார்த்தால் சடங்குப் பெண்ணைக் காணோம், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் எச்சில் இலை அள்ளுகிற அம்மா தெரிகிறார். சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் கமெண்ட் போடுகிறார், "இது யாரு, எங்க வீட்டுப் பொண்ணு எங்க" என்று. அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார்.

"ஓட்டைய மாத்திச் சொருகிட்டியா?"

"கார்டு ரெண்டும் ஒண்ணுதானண்ணே. எதுல சொருகினா என்ன?"

"அதான் பிரச்சனையே. வெங்காயம் மாதிரி பேசாத, தள்ளு" என்று இரண்டையும் பிடுங்கி மாற்றிப் போட்டார். படம் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் எனக்கு விளக்கினார். கம்ப்யூட்டரில் எதைச் சொருகினாலும் அது முதலில் கேட்குமாம், நீ யாரு என்று. சொருகின பொருள் பதில் சொல்லுமாம்: நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல், என் நம்பர் இது. கம்ப்யூட்டர் அதை எழுதி வைத்துக்கொண்டு ஒரு பெயர் வைத்துவிடும். அடுத்த தடவை அதே நம்பர் வந்தால், ஓ நீயா, வா என்று பழைய பெயரையே கொடுக்கும். எந்த ஓட்டையில் சொருகினாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் இது மலிவுக் கார்டு, இதற்கு நம்பரே கிடையாது. கம்பெனியும் ஒன்று, மாடலும் ஒன்று. அப்போது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பார்க்கும். இந்த ஓட்டையில் வழக்கமாக முகம்தான் வரும், அதனால் இப்போது வந்திருப்பதும் முகம்தான். சந்தேகமே படாது. புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்று மூலையில் ஒரு வரிகூடக் காட்டாது.

"அப்ப அதுக்குக் கார்டத் தெரியாது. எடத்தத்தான் தெரியும்" என்றேன்.

"ஆமா" என்றார் அண்ணன்.

எனக்கு அது உடனே புரிந்தது. அம்மா போனபிறகு அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மா உட்காருகிற அதே மூலையில் உட்கார்ந்து அதே அரிவாள்மனையில் காய் நறுக்கும். பால்காரர் வெளியே நின்று "யக்கா, பாலு" என்பார், அத்தை போய் வாங்கும். அவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ரேஷன் கடையில் மட்டும் நடக்கவில்லை. அத்தை விரலை வைத்தது, மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தது, எண்ணெய் போகக் கழுவி வைத்தது, ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் அம்மா இல்லை என்று சரியாகச் சொன்னது அந்த மெஷின் ஒன்றுதான்.

விடுங்க. கதைக்கு வருகிறேன்.

மறுநாள் கடையில் ஜெசிந்தா அக்கா இருந்தது, அண்ணன் பெண்டாட்டி. நான் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு நெயில்பாலிஷ், இன்னொன்றைச் சுற்றிப் பச்சை. கார்டிலும் அதே மாதிரி. இதோ பாருங்க, இதில் சிவப்பு தெரிகிறதா? இதுதான் முகம். சடங்கு வீட்டில் நான் இதைக் கவனிக்கவில்லை, ஏதோ கறை என்று நினைத்துவிட்டேன்.

"இதப் பாத்துச் சொருகித் தொலைய வேண்டியதுதானடி" என்றது ஜெசிந்தா அக்கா. "என் நெயில்பாலிஷ். கேக்காம எடுத்துப் பூசிட்டாரு. பச்சையெல்லாம் கிறிஸ்துமஸுக்குன்னு வாங்கினது."

"எப்பப் பூசினாரு?"

"உங்க வீட்டுத் துக்கத்துக்குப் போயிட்டு வந்தாரே, அன்னைக்கித்தான்" என்றது. அப்புறம் டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்து போனது. கடையில் ஃபிளாஸ்க் நிறைய டீ இருந்தது.

நான் அண்ணனிடம் நேராகக் கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "எங்கம்மா எழவுல எந்தக் கேமரா போச்சு?" என்றேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமாக இருந்த லென்ஸ்.

நடந்தது இதுதான். ஐஸ் பெட்டியைத் திறந்து அம்மாவைக் குளிப்பாட்ட எடுக்கும்போது பெட்டி வயரை இழுத்திருக்கிறார்கள். அதோடு லேப்டாப் வயரும் சிக்கி, இரண்டு கார்டும் பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்துவிட்டது. அண்ணன் எடுத்து அவசரமாகச் சொருகியிருக்கிறார். மாற்றிச் சொருகிவிட்டார். வெயிலுக்காக லேப்டாப் மேல் துண்டு போட்டு மூடியிருந்தார், துண்டைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். "முகம்" என்று எழுதியிருந்தது. அது போதும் என்று துண்டைப் போட்டுவிட்டார். பெயரைப் பார்த்தார், படத்தைப் பார்க்கவில்லை.

துக்க வீட்டில் கேமராவை மாற்றி மாற்றிப் போடக்கூடாது என்பது அண்ணன் வைத்திருக்கிற சட்டம். கல்யாணத்துக்குத்தான் அதெல்லாம். துக்கம் என்றால் முகத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும். அப்படியே விட்டுவிட்டார். அதற்குள் பாடை தூக்க ஆள் குறைகிறது என்று அவரைக் கூப்பிட்டார்கள், தோள் கொடுக்கப் போய்விட்டார். சுடுகாட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்துதான் துண்டை எடுத்திருக்கிறார்.

அதனால் குளிப்பாட்டிக் கொண்டுவந்து வைத்தது, பூப்போட்டது, வாய்க்கரிசி போட்டது, முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கங்க என்று குரல் கொடுத்தது, எதுவுமே லைவில் போகவில்லை. வாசல்தான் போனது. கேமராவில் மெமரி கார்டும் போடவில்லை, லைவுக்கு எதற்கு என்று. அதற்கு முன்னால் போனதிலும் ஐஸ் பெட்டிக் கண்ணாடி பனி படர்ந்து வெள்ளையாகத்தான் தெரிகிறது. எங்கேயும் இல்லை. அம்மா முகம் எதிலேயும் இல்லை.

"ஏண்ணே சொல்லல?"

"உங்கப்பா எதாவது கேப்பாருன்னு பாத்தேன் இலக்கியா. அவரே ஒண்ணும் கேக்கல. எல்லாம் பாத்தேன் தம்பி, ரொம்ப நன்றின்னு மெசேஜ் போட்டாரு. நானாப் போயி எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்" என்றார்.

கோபம் வந்திருக்கணும். வரவில்லை. அன்றைக்குப் பட்டுக்கோட்டைக்கு ஒரு வளைகாப்பு லைவ் இருந்தது, போய்ச் சிவப்பில் சிவப்பும் பச்சையில் பச்சையும் சொருகினேன்.

ஆனால் அப்பா விஷயம் விடவில்லை. நன்றியாம். எல்லாம் பார்த்தாராம். என்னத்தைப் பார்த்தார்?

எங்கள் சேனல்தானே, அந்த வீடியோ இன்னும் அப்படியே இருக்கிறது. உள்ளே போனால் எந்த நேரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். எந்த நாடு என்றும் காட்டும். பார்த்தேன். முதலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயர் பிடுங்கின இடம் வந்ததும் கமெண்ட் வருகிறது, "படம் மாறிடுச்சு", "கேட்டு தெரியுது, முகத்தக் காட்டுங்க", "யாராச்சும் சொல்லுங்கப்பா". யார் படிப்பது? துண்டு போட்டு மூடிக் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். கோடு அப்படியே கீழே இறங்குகிறது. ஆனால் தரையைத் தொடவில்லை. ஒருத்தர் மட்டும் கடைசிவரை இருக்கிறார், கத்தார். எங்கள் சொந்தத்தில் கத்தாரில் இருப்பது அப்பா ஒருத்தர்தான்.

கடைசிவரை என்றால், பாடை வாசலைத் தாண்டிப் போகிறது, முதுகும் மாலையும் தெரிகிறது, அதற்குப் பிறகும். எல்லாரும் போய் வீட்டைக் கழுவிவிடுகிறார்கள், அப்போதும். அண்ணன் வந்து அணைக்கிறவரைக்கும் அந்த ஒருத்தர் போகவே இல்லை. ஒரு கமெண்ட்கூடப் போடவில்லை. போனை அணைக்க மறந்திருப்பார். வேலையில் இருந்திருப்பார், போன் பாட்டுக்கு எங்கேயோ ஓடியிருக்கும். அப்படித்தானே இருக்கும்? பெண்டாட்டி முகம் தெரியாத வீடியோவை யாராவது அவ்வளவு நேரம் பார்ப்பார்களா?

பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முகம் தெரியவில்லை என்று சொன்னால் என்ன? நானும்தான் பார்க்கவில்லை, நான் ஒத்துக்கொள்ளவில்லையா?

போன் பண்ணும்போதும் சம்பந்தமில்லாமல்தான் பேசுவார். அம்மாவைப் பற்றிப் பேச மாட்டார். "அந்த மஞ்சச் சட்டப் பையன் யாரும்மா, ஒனக்கு பிஸ்கட்டு குடுத்துச்சே" என்று ஒருநாள் கேட்டார். எதிர்வீட்டுக் கவியரசன் என்றேன். "நல்ல புள்ள" என்றார். இன்னொரு நாள், "ஏம்மா, நெழலு தள்ளிப் போயிருச்சுன்னா நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கறதுதான, அப்படியா வெயில்ல உக்காந்திருப்ப" என்றார். எல்லாம் அத்தை ஓதுகிற வேலை. அத்தையிடம் சண்டைக்குப் போனேன், எதற்கு எல்லாவற்றையும் அவரிடம் சொல்கிறாய் என்று. "நான் எங்கடி பாத்தேன், நான் அவ பெட்டி மேல தலைய வச்சுக்கிட்டுக் கெடந்தேன், வாசல்ல என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது" என்று சத்தியம் பண்ணியது. அத்தைக்கு மறதி.

அதற்குப் பிறகு ஒருநாள் திடீரென்று, முடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது. இரு, வந்து என்ன செய்யப்போகிறாய் என்று அத்தை கத்தியது. நானும்தான் சொன்னேன், நான் நன்றாகத்தான் இருக்கேன் என்று. "தெரியும்மா, பாத்தேன்" என்றார். எப்போது பார்த்தாலும் பார்த்தேன், பார்த்தேன்.

போன வாரம் கூப்பிட்டு என் செருப்பு சைஸ் கேட்கிறார். கத்தாரிலிருந்து யாராவது செருப்பு வாங்கி வருவார்களா? செண்ட் வாங்கி வருவார்கள், பிளாங்கெட் வாங்கி வருவார்கள், போன் வாங்கி வருவார்கள். அறந்தாங்கியில் கிடைக்காத செருப்பா? "அன்னைக்கி வெறுங்காலோட இருந்தியே, தரை சுட்டுச்சுன்னு ஒரு கால் மேல ஒரு காலு மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு" என்றார். செருப்பு கூட்டத்தில் தொலைந்துவிட்டது, அது நிஜம்தான். அதற்காக? இத்தனை மாசம் கழித்து?

மாத்தூர் தாண்டிவிட்டதா? அப்போது அடுத்ததுதான்.

என்ன கேட்டீங்க? அந்த இரண்டாவது கேமராவில் அவ்வளவு நேரம் என்னதான் தெரிந்தது என்றா?

என்ன தெரியும், ஒன்றுமில்லை அக்கா. வாசல் கேட்டு. தண்ணீர் டிரம். அப்புறம் நான். வேறு ஒன்றும் இல்லை. வயர் பிடுங்கினதிலிருந்து கடைசிவரை நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கவியரசன் வந்து பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போகிறான். ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன், வேறு எதுவுமே இல்லை.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

நான் தெரிந்தால் என்ன? நான் உயிரோடுதானே இருக்கேன். என்னைப் பார்க்கணும் என்றால் வீடியோ கால் போட்டால் போதாதா? அதற்கா லைவ்?

கையை விடுங்க அக்கா, கார்டு வளைந்துவிடும். கேட்காதே என்றால்? ஏன் கேட்கக்கூடாது? இவ்வளவு நேரம் எதற்குச் சொன்னேன் உங்களிடம்?

சரி, கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். காலை மடக்குங்க, இறங்கணும். இல்லை இல்லை, கூட்டத்தில் அப்பாவைத் தேட வேண்டியதில்லை. நாலு வருஷம் ஆயிற்று, வளர்ந்துவிட்டேன், ஆளை அடையாளம் தெரியுமா என்று நானும் கேட்டுவிட்டேன் நேற்று. தெரியும் என்றார். "நீ எங்கயும் தேடாத. வாசல்லயே ஒரு ஓரமா உக்காந்திரு. நான் பாத்துக்குறேன்" என்றார்.